உழைப்புக்கும் ஊதியத்துக்கும் இடையில் தரகன் எதற்கு?

(திங்கட் கூட்டத்தில் தமிழிளைஞரிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

இம்மேடையில் ஏறுகின்றவர் மொழியைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று நான் கூலியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். மொழித்தொண்டர்க்குக் கூலிக்கணக்கு எதற்கு என்று யாரும் கருதிவிட வேண்டா. நாளை எங்கிருப்போம் என்று அறியாத நிலையில் ஓரினத்தின் இளைஞர் காலந்தள்ளுவாராயின், அவர்தம் மொழி நாளை எங்கிருக்கும் என்று எவரால் சொல்ல இயலும்? வயிற்றுக்கவலை முற்றியவனிடம் சென்று வரலாறு பேசினால் அவன் காது கொடுப்பான், கருத்துக் கொடான். ஆகலின் இது நமக்கு அயலான செய்தியன்று.

என் குடும்பத்தில் நடந்த ஒன்றிலிருந்தே தொடங்குகின்றேன்.

என் உடன்பிறந்தாள் மகன் எந்திரவியலில் பட்டயம் பெற்றவன். நான்காண்டுகட்கு முன் திருப்பெரும்புதூரை அடுத்த தொழிற்பேட்டைக்கு வேலை தேடிச் சென்றான். தொழிற்சாலை வாயிலில் காவலர் அவனை உள்ளே விடவில்லை. ‘இங்கே நேரே ஆள் எடுப்பதில்லை, ஏசென்சி வழியாக வா’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏசென்சி என்று நம் பிள்ளைகள் சொல்வது ஆள்வழங்கு நிறுவனத்தை. பெருஞ்சாலை ஓரத்தில் ஒரு மாடியறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கைப்பேசி, இவ்வளவே அந்நிறுவனம்! அப்படி மூன்று இடங்களில் தன் சான்றிதழ்ப் படிகளைக் கொடுத்தான். முதலாமவர் திங்களுக்கு 16,000 உருபா என்றார். இரண்டாமவர், ‘15,000-க்கு வர ஆளிருக்கின்றது, உனக்கு ஒப்புதலா?’ என்றார். மூன்றாமவர், ‘14,000, நாளைக் காலையே வரவேண்டும், இல்லையேல் வேறொருவன் வருவான்’ என்றார். கையிலிருந்த காசு தீர்ந்துகொண்டிருந்தது. இவன் மூன்றாமவரிடம் ஒப்புக்கொண்டான்.

உள்ளே சென்ற பிறகே அவனுக்கு ஒன்று விளங்கிற்று. அம்மூவரும் ஆள் திரட்டியது ஒரே தொழிற்சாலைக்கு, ஒரே பிரிவுக்கு, ஒரே வேலைக்கு. அவனோடு படித்த மற்றொருவன் அடுத்த எந்திரத்தில் நின்று அதே வேலையை 15,500-க்குச் செய்துகொண்டிருந்தான். இருவர் கழுத்திலும் தொங்கிய அட்டையின் நாடா வெவ்வேறு நிறம். நிலைப்பணியாளர்க்கு ஒரு நிறம்; ஒவ்வொரு ஏசென்சிக்கும் ஒவ்வொரு நிறம். உணவுக்கூடத்தில் யாரோடு யார் அமர்வது என்பதைக் கூட அந்நாடாவே முடிவு செய்தது.

எட்டாந் திங்கள் முடியுந் தறுவாயில், ‘பத்து நாள் வீட்டில் இரு; அழைக்கின்றோம்’ என்றார்கள். பதினோராம் நாள் அழைத்தார்கள். அதே வாயில், அதே எந்திரம், அதே மேற்பார்வையாளர். அட்டையில் மட்டும் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. அவன் அதைப் பெரிதாக எண்ணவில்லை. மூன்று கிழமை கழித்து அழுத்துபொறியில் சிக்கி அவன் வலக்கைச் சுட்டுவிரலின் நுனி நசுங்கிப் போயிற்று.

மருத்துவமனையில் படிவம் நிரப்பியவர் கேட்ட முதல் வினா, ‘உன் முதலாளி யார்?’ என்பது.

அவனுக்கு விடை தெரியவில்லை. பழைய ஏசென்சி, ‘நீ இப்பொழுது எங்கள் ஆளல்லை’ என்றது. புதிய ஏசென்சி, ‘உன் பெயர் இன்னும் எங்கள் பதிவில் ஏறவில்லை’ என்றது. தொழிற்சாலையோ, ‘ஏசென்சியைக் கேள்’ என்றது. கட்டுப்போட்ட கையோடு என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ‘மாமா, எட்டுத் திங்களுக்கு மேலாக நான் யாருக்கு உழைத்தேன்?’ என்று கேட்டான். அக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இவ்வுரை.

போட்டி யாரோடு யாருக்கு?

தோழர்களே! வேலைக்குப் போட்டியிருப்பது இயல்பே. பத்து இடத்துக்கு நூறு பேர் வந்தால், திறமுடையவனைத் தேர்ந்தெடுத்துக் கொள்வது முறை. தோற்றவனும் தன் குறையை உணர்ந்து அடுத்த முறைக்கு அணியமாவான். ஆனால் ஆள்வழங்கு நிறுவனத்தின் வழியாக நடைபெறும் போட்டி அத்தகையதன்று. அங்கே போட்டியிடுவோர் தரகர்கள். ‘ஓராளை இவ்வளவுக்குத் தருகின்றேன்’ என்று ஒருவர் எழுதிக் கொடுக்க, ‘அதனிலும் குறைத்துத் தருகின்றேன்’ என்று மற்றொருவர் எழுதிக் கொடுக்கின்றார். குறைந்த விலை சொன்னவர்க்கு ஒப்பந்தம். ஆக, நம் பிள்ளையின் திறமை அங்கே நிறுக்கப்படுவதே இல்லை. அவன் பசி நிறுக்கப்படுகின்றது. எவன் பசி பெரிதோ அவன் விலை குறைவு. அவன் விலை குறைந்தால் அவன் தரகர்க்கு வெற்றி.

தரகர் தம் தரகைக் குறைத்துக்கொண்டுதானே விலையைக் குறைக்கின்றார் என்பீர்கள். அப்படியாயின் அவர்க்கு வரும்படி எங்கிருந்து வருகின்றது என்று பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, நூறு ஆள்களை வழங்கும் ஒருவரை வைத்துக் கொள்வோம். நாட்கூலி 500 உருபா. ஒவ்வொருவர் கணக்கிலும் திங்களுக்கு ஒரு நாளை ‘வரவில்லை’ என்று எழுதினால் 50,000 உருபா. ஆண்டுக்கு 6 இலக்கம். வருங்கால வைப்புநிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய 12 விழுக்காட்டையும் தொழிலாளியின் கூலியிலிருந்தே பிடித்தால், 15,000 உருபா ஊதியத்துக்கு ஒருவர்க்கு 1,800. நூறு பேர்க்குத் திங்களுக்கு 1,80,000. மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் முதலே உள்ள உரிமை. அதை ஒருமடங்காகக் கொடுத்தால் அது தனி வருவாய். இவற்றோடு சீருடைக்குப் பிடித்தம், அட்டைக்குப் பிடித்தம், வண்டிக்குப் பிடித்தம். ஏட்டில் குறைந்த தரகு. கையில் நிறைந்த கொள்ளை. எல்லாத் தரகரும் இப்படிச் செய்கின்றார் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக நடப்பவரும் இருக்கலாம். ஆனால் குறைந்த விலைக்கே ஒப்பந்தம் என்னும் முறையில் நேர்மையாளர் தோற்பார், தோற்கவே செய்வார். குற்றம் ஓராளிடத்தில் இல்லை, முறையில் இருக்கின்றது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரு தொழிற்சாலை ஒருவனை நேரே வேலைக்கு அமர்த்திச் சம்பளம் கொடுத்தால், அச்சம்பளத்தின் மேல் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. அதே ஆளை இடையில் ஒருவர் நின்று வழங்கினால், அது ‘ஆள் வழங்கும் பணி’ ஆகி அதன் மேல் 18 விழுக்காடு வரி. தொழிற்சாலை அதைத் தன் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளவுங் கூடும். அஃது ஒருபுறம் இருக்கட்டும். சம்பளம் என்னும் சொல்லை நெல்லோடும் உப்போடும் இணைத்துக் காட்டுவர் நம் சொல்லாய்வறிஞர். ஒருவன் வாழ்வதற்குக் கொடுக்கும் பொருள் என்பது அதன் உட்கிடை. அச்சம்பளத்தை விற்பனைச் சீட்டில் ஏற்றி, எண்ணிக்கை, விலை, வரி என்று கட்டம் போட்டு எழுதுவதாயின், அங்கே மாந்தன் சரக்காகி விட்டான் என்பதே பொருள். உழைப்பு விற்பனைச் சரக்கன்று என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பிலடெல்பியாவில் பறைசாற்றியது 1944-இல்!

கண்காணியின் மறுபிறப்பு

இம்முறை புதியதன்று. தமிழன் இதைத் தன் முதுகில் ஏற்கெனவே சுமந்திருக்கின்றான்.

கண்காணி என்பது நல்ல தமிழ்ச்சொல். சோழர்காலக் கல்வெட்டுகளில் கோயிற் செயல்களை மேற்பார்த்தவரை அச்சொல்லால் குறிக்கக் காண்கின்றோம். அத்தூய சொல் கங்காணி என்று திரிந்து, இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டத் தொழிலாளியின் அச்சத்துக்குரிய சொல்லாயிற்று. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், திருச்சி, மதுரை, இராமநாதபுரப் பகுதிகளிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் திரட்டியவன் கங்காணி. ஊரில் முன்பணம் கொடுப்பான்; வழிச்செலவு கொடுப்பான்; அவை யாவும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். தோட்டத்தில் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்கு இத்தனைக் காசு என்று தோட்டத்துரை கங்காணிக்குத் தருவான். அது தலைக்காசு. இன்றைய ஆள்வழங்கு நிறுவனம் தலைக்கு இத்தனை விழுக்காடு என்று பெறுகின்றதே, அதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

அங்கே துண்டு என்றொரு முறையிருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து ஒரு கூட்டம் மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், ‘இவர்தம் கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோர் இவர்களை அழைத்துக் கொள்ளலாம்’ என்று துரை ஒரு தாளில் எழுதித் தருவான். அத்துண்டைக் காட்டி அதிகப் பணம் தருவானிடம் கங்காணி கூட்டத்தைக் கொண்டுபோவான். கடன் கூடும்; கூலி கூடாது. தொழிலாளியை வைத்துத் தோட்டங்கள் போட்டியிட்டன. போட்டியின் ஆதாயம் கங்காணிக்குப் போயிற்று. அம்முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலேயாவுக்குக் கங்காணி வழியாக ஆள் திரட்டுவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்திற்று. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையமும், ஆலைகளில் மேத்திரியிடம் இருந்த ஆளெடுக்கும் உரிமையை அவனிடமிருந்து எடுத்துவிட வேண்டுமென்று 1931-லேயே பரிந்துரைத்தது.

நம் பாட்டன்மார் கண்ணீர் விட்டு ஒழித்த முறை, பேரன்மார் காலத்தில் கணினியும் கைப்பேசியும் ஏந்தி மீண்டும் வந்திருக்கின்றது. அன்று கங்காணி தலைப்பாகை கட்டியிருந்தான். இன்று கழுத்துப்பட்டை கட்டியிருக்கின்றான்.

தேடித் தருதல் வேறு. இடையில் தங்குதல் வேறு

‘நாட்டுப்புறத்துப் பிள்ளைக்குத் தொழிற்சாலை எங்கிருக்கின்றது என்றே தெரியாது, நாங்கள் தேடித் தருகின்றோம், அது குற்றமா?’ என்று ஆள்வழங்குவோர் கேட்பர். முறையான கேள்வியே. அதற்கு முறையான விடை சொல்ல வேண்டும்.

திருமணத் தரகர் இருக்கின்றார். பெண் வீட்டையும் பிள்ளை வீட்டையும் சேர்த்து வைக்கின்றார். தமக்குரியதைப் பெற்றுக்கொண்டு, பந்தியில் உண்டு, வாழ்த்திவிட்டுப் போகின்றார். அவரை யாரும் வெறுப்பதில்லை. அதே தரகர் திருமணத்துக்குப் பின்னும் அவ்வீட்டிலேயே குடியிருந்து, கணவன் ஈட்டும் பொருளைத் தாமே வாங்கி, தம் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மனைவியிடம் கொடுத்து, ‘உன் கணவன் யார் என்று யாரேனும் கேட்டால் என் பெயரைச் சொல்’ என்பாராயின், ஊர் பொறுக்குமா? வேலை தேடித் தருவது தரகு. தேடித் தந்த பின்னும் ஊதியத்துக்கும் உழைப்புக்கும் இடையில் நிலையாகத் தங்கிவிடுவது தரகன்று, அது குத்தகை. மாந்தனைக் குத்தகைக்கு விடுவது.

வேலை தேடித் தரும் பொறுப்பை அரசு தானே ஏற்றிருந்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்து படையினின்று விடுவிக்கப்பட்டோர்க்கு வேலை தேடித் தர 1945-இல் தொடங்கப்பட்டவையே வேலைவாய்ப்பு அலுவலகங்கள். 1956-இல் அவற்றின் நாட்பாடு மாநிலங்களிடம் வந்தது. 1959-இல் வந்த சட்டம், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் தம்மிடமுள்ள காலியிடங்களை அவ்வலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றது. ஆனால் அங்கிருந்துதான் ஆளெடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஓட்டை வழியாகவே தரகர் நுழைந்தனர். 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிந்து காத்திருந்தோர் 60 இலக்கத்துக்கும் மேற்பட்டோர். அரசின் வரிசை நகரவில்லை. தரகரின் மாடிப்படியில் கூட்டம் கூடிற்று.

சட்டம் சொன்னதும் நடந்ததும்

என் மருமகனின் கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லாமலில்லை. தொழிலாளர் ஈட்டுறுதிக்கென 1948-இல் வந்த சட்டம், தரகர் வழி வந்த ஆளுக்கும் உரிய தொகையை முதற்கண் தொழிற்சாலையே செலுத்த வேண்டும் என்றது. வேலையிடத்து ஊறுபாட்டுக்கு இழப்பீடு வழங்கும் 1923-ஆம் ஆண்டுச் சட்டமும், ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு அவ்வேலையைத் தரச்செய்தவரையே பொறுப்பாக்கிற்று. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி கொடாவிடின் முதன்மை வேலைகொடுப்போரே கொடுக்க வேண்டும் என்றது. இவற்றை அவனுக்குச் சொல்வார் ஒருவருமில்லை. அவன் கையெழுத்திட்ட தாளோ ஆங்கிலத்தில் இருந்தது. பத்து நாள் வீட்டிலிருக்கச் சொன்னார்களே, அதன் கரணியமும் அவனுக்குத் தெரியாது. அப்போது நடப்பிலிருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழிற்றகராறுச் சட்டத்தின்படி, ஓராண்டில் 240 நாள் பணியாற்றினால் ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு உரிமை பிறக்கும். 24 திங்களில் 480 நாள் பணியாற்றியவரை நிலைப்படுத்த வேண்டும் என்று தமிழ்நாடு 1981-இல் தனிச்சட்டமே இயற்றியது. அந்நாள்கள் நிறையாமல் பார்த்துக்கொள்ளவே பத்து நாள் ஓய்வும் பெயர் மாற்றமும். ‘பயிற்சியாளர்’ என்று பெயர் சூட்டுவது இன்னொரு வழி. தொழிற்பயிலுநர் தொழிலாளர் ஆகார் என்று 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பயிலுநர் சட்டம் சொல்வது அதற்குத் துணை.

நயன்மன்றம் சென்றவர் நிலை என்ன? ஒப்பந்தமுறை ஒரு வேலையில் தடை செய்யப்படின், அவ்வேலையில் இருந்தோர் தாமாகவே அந்நிறுவனத்தின் பணியாளராவர் என்று உச்ச நயன்மன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. தொழிலாளர் மகிழ்ந்தனர். பின்னர், 2001-இல், ஐவர் கொண்ட பேராயம் அத்தீர்ப்பை மாற்றி, அவ்வாறு தாமாக ஆகிவிட மாட்டார் என்றது. அதன்பின், வேலை செய்தவரே அவ்வேலையை இழப்போமோ என்று அஞ்சித் தடை கேட்கத் தயங்கினர்.

1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்பொழுது, 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நிற்கின்றது. நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்த ஆள்களை அமர்த்தக் கூடாது என்று அது சொல்கின்றது. உடனே அதற்கு விலக்குகளையும் அடுக்குகின்றது. பழைய சட்டம் 20 ஆள்களை வைத்திருந்தாலே ஒப்பந்தக்காரரைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. புதியது அவ்வெண்ணை 50 ஆக்கிவிட்டது. 49 ஆள்களை வைத்திருக்கும் தரகர் இவ்வேலியைத் தாண்டியவர்! எல்லார்க்கும் பணியமர்த்த ஆணை எழுத்தில் தரவேண்டும் என்பது இத்தொகுப்பில் உள்ள நல்ல கூறு. அதை நாம் விடாது பற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்தவன் பகைவனல்லன்

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ‘வடவர் வந்து குறைந்த கூலிக்கு நிற்கின்றார், அதனால் நமக்கு வேலையில்லை’ என்னும் பேச்சு நம் இளைஞரிடையே பரவியிருக்கின்றது. தமிழ்மண்ணில் எழும் தொழிலில் தமிழர்க்கு உரிய இடம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் குறைந்த கூலியை முடிவு செய்தவன் பீகாரத்து இளைஞன் அல்லன். அவனைத் தொடர்வண்டியில் ஏற்றி வந்தவனும் ஒரு கங்காணியே. வெளிமாநிலத் தொழிலாளரை அழைத்து வருவோர் அவர்க்கு அரைத்திங்கள் ஊதியத்தை இடப்பெயர்ச்சிப் படியாகத் தரவேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. அதைக் கையில் பெற்றேன் என்று சொன்ன ஒருவனையும் நான் கண்டதில்லை. கண்டிச் சீமைக்கு நடந்து போனவன் பேரன், ஓரகடத்துக்கு வந்தவனைப் பார்த்துச் சினந்தால், தரகன் இருவரையும் பார்த்துச் சிரிப்பான். இருவர்க்கும் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்று ஆகிவிட்டால், தொலைவிலிருந்து ஆளைக் கொண்டுவர முதலாளிக்கு என்ன தேவை? நம் உரிமை அவன் கூலியைக் காப்பதிலும் அடங்கியிருக்கின்றது.

பிற நாடுகளில்

‘உலகமெல்லாம் இப்படித்தான், மாற்ற முடியாது’ என்று சிலர் கைவிரிக்கின்றனர். உலகம் என்ன செய்தது என்று பார்ப்போம்.

சப்பான் நாடு 1985-இல் சில தனித்திறன் வேலைகளுக்கு மட்டும் ஆள்வழங்கு முறைக்கு இசைவளித்தது. 1999-இல் வேலைகளின் வரம்பை விரித்தது. 2004-இல் தொழிற்சாலை வேலைக்கும் திறந்துவிட்டது. 2008-இன் இறுதியில் பொருளியல் நெருக்கடி வந்தபோது முதலில் வெளியே தள்ளப்பட்டோர் இவ்வாறு வந்தவர்களே. வேலையோடு, வேலையால் கிடைத்த தங்குமிடமும் போயிற்று. அப்புத்தாண்டின்போது தோக்கியோ நகரின் இபியாப் பூங்காவில் கூடாரமடித்து ஏறத்தாழ 500 பேர்க்கு உணவளிக்க வேண்டியதாயிற்று. செருமனி 2017-இல் தன் சட்டத்தைத் திருத்தி, வழங்கப்பட்ட ஆளை ஒரே நிறுவனத்தில் 18 திங்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றும், 9 திங்களுக்குப் பின் நிலைப்பணியாளர்க்கு ஒத்த ஊதியம் தரவேண்டும் என்றும் பொதுவிதி வகுத்தது. மெக்சிக்கோ 2021-இல் ஆள்வழங்கு முறையையே தடை செய்து, தனித்திறன் பணிகளுக்கு மட்டும் விலக்களித்தது. ஆகவே மாற்ற முடியாது என்பது பொய். மாற்ற மனமில்லை என்பதே மெய்.

திரு.வி.க. பெயர் தாங்கிய மண்டலம்

1918 ஏப்பிரல் 27 அன்று சென்னையில் ஆலைத் தொழிலாளர்க்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. அதைக் கட்டி வளர்த்தோருள் நம் தமிழ்த்தென்றல் திரு.வி.க. ஒருவர். செந்தமிழால் தொழிலாளியின் உள்ளத்தை எழுப்பியவர் அவர். மொழித்தொண்டும் தொழிலாளர் தொண்டும் ஒருவர் கையிலேயே இணைந்து நின்றன.

நூற்றேழாண்டு கழித்து, 2025 ஆகத்தில், சென்னை மாநகராட்சியின் இராயபுரம் மண்டலத்திலும் திரு.வி.க. நகர் மண்டலத்திலும் துப்புரவுப் பணி தனியார் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் அத்தெருக்களைப் பெருக்கியவர்கள், பெரும்பாலும் பெண்கள், ‘மாநகராட்சியே எங்கள் முதலாளி, இடையில் வேறொருவர் வேண்டா, எங்களை நிலைப்படுத்துங்கள்’ என்று மாநகராட்சி மாளிகை முன் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்கள். உயர் நயன்மன்ற ஆணையை அடுத்து ஆகத்து 13 இரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. திரு.வி.க. பெயரைத் தாங்கிய மண்டலத்திலேயே தொழிலாளிக்கு முதலாளி யார் என்னும் கேள்வி தெருவில் கிடந்தது! என் மருமகன் திண்ணையில் கேட்டதும், அத்தாய்மார் தெருவில் கேட்டதும் ஒரே கேள்வி.

செய்ய வேண்டுவன

இளந்தோழர்களே! இனி உங்களிடம் நேரே பேசுகின்றேன். ஆள்வழங்கு நிறுவனத்தின் வழியாகப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அடுப்பெரிய வேண்டும், வேறு வாயில் திறக்கவில்லை, போகத்தான் வேண்டும். ஆனால் கண்ணைத் திறந்து கொண்டு போங்கள்.

வேலை தருகின்றேன் என்று உங்களிடம் முன்பணம் கேட்கும் தரகரிடம் ஒரு காசும் கொடாதீர்கள். உழைப்பவனிடம் கட்டணம் பெறலாகாது என்பது 1997-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின் கொள்கை.

எந்தத் தொழிற்சாலைக்கு, என்ன வேலைக்கு, என்ன ஊதியத்துக்கு என்பதைக் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேளுங்கள். பணியமர்த்த ஆணையையும் ஊதியச் சீட்டையும் தமிழில் கேளுங்கள். படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்திடுபவன் தன் கையைத் தானே கட்டிக் கொள்கின்றான். தமிழில் ஆணை என்பது மேடை முழக்கமன்று. நசுங்கிய விரலுக்கு மருந்து.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்த நாள், மிகைநேரம், மேற்பார்வையாளர் பெயர், அட்டையில் இருந்த நிறுவனப் பெயர், அது மாறிய நாள் ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். அட்டையைப் படமெடுத்து வையுங்கள். வைப்புநிதிக் கணக்கில் பணம் ஏறியதா என்று திங்கள்தோறும் பாருங்கள். ஆறு திங்கள் கழித்துப் பார்த்தால், ஏசென்சியின் மாடியறையில் பூட்டுத் தொங்கும்.

யாவற்றினும் தலையாயது இது. அடுத்த எந்திரத்தில் நிற்பவனிடம், ‘உனக்கு எவ்வளவு?’ என்று கேளுங்கள். ஊதியத்தை ஒருவர்க்கொருவர் மறைப்பது மானம் என்று நமக்குக் கற்பித்து விட்டார்கள். மறைவு தரகனுக்கே முதல். நாடாவின் நிறம் எதுவாயினும், ஒரே வாயிலில் நுழைவோர் ஒரே சங்கத்தில் சேருங்கள். நிலைப்பணியாளரும் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்று ஒப்பந்த ஆளுக்குக் கதவடைக்கும் நிலைப்பணியாளர், நாளை தம் மகன் அதே நாடாவைக் கட்டிக்கொண்டு வருவதைக் காண்பார்.

அரசிடம் நாம் கேட்பன மூன்று. நிலையான வேலைக்கு நேரடிப் பணியமர்த்தம் வேண்டும். இடையில் எவர் நின்றாலும் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகம் மீண்டும் உயிர்பெற்று, தனியாரும் அங்கிருந்து ஆளெடுக்கும் கட்டாயம் வேண்டும்.

என் மருமகன் விரல் ஆறிற்று, நுனி வளரவில்லை. பல திங்கள் அலைந்து, எழுதியும் கேட்டும், சிறிதளவு இழப்பீடு பெற்றான். இப்பொழுது அவன் வேறோர் இடத்தில் வேலை செய்கின்றான். அதுவும் ஏசென்சி வழிதான். ஆனால் முதல் நாளே, வாயிலில் நின்று, அட்டையைக் கையில் வாங்கியவுடன் அவன் கேட்டானாம், ‘ஐயா, என் முதலாளி யார்? எழுதிக் கொடுங்கள்’ என்று. கொடுத்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்தாராம். பின்னால் நின்ற பிள்ளைகளும் அதையே கேட்டார்களாம்.

தோழர்களே, நாளை காலை நீங்கள் எவ்வாயிலில் நின்றாலும், அவ்வினாவைக் கேட்ட பிறகே உள்ளே செல்லுங்கள்.